வாசலோரத்து இருக்கையிலிருந்து ஒரு பாடல்

தியானத்திற்கான வேதபகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 16:16-34, கலாத்தியர் 3:26-29

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையை நீங்கள் அறிவீர்கள். பவுலும் சீலாவும் அடிக்கப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்காவலறையில் கிடந்தார்கள். நடுராத்திரியில் அவர்கள் ஜெபித்துத் தேவனைத் துதித்துப் பாடினார்கள். இந்தப் பகுதியை நாம் பிரசங்கிக்கும்போதெல்லாம் பாடலையும் பூமியதிர்ச்சியையும் பேசி, சிறைக்காவலன் ஞானஸ்நானம் பெற்றதோடு முடித்துவிடுகிறோம். அதற்கு நடுவே ஒரு சிறு செயல் இருக்கிறது. அந்த இரவு நேரத்திலேயே காவலன் அவர்களை அழைத்துக்கொண்டுபோய் அவர்களுடைய காயங்களைக் கழுவினான்; பின்பு தன் வீட்டிற்குக் கூட்டிச்சென்று அவர்கள் முன்பாகப் போஜனம் வைத்தான். பாடியவர்களின் முதுகில் காயம் இருந்தது என்பதை அந்த வீட்டார் கண்டார்கள். அதைக் காணாமல் பாடலை மட்டும் ரசிப்பது எவ்வளவு எளிது என்பதை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதற்குத் துணையாக, ஏறக்குறைய 145 ஆண்டுகளுக்கு முன் நம் தேசத்திற்கு வந்து பாடிய ஒரு சகோதரியின் வரலாற்றைச் சொல்லுகிறேன். அவர் பெயர் அமந்தா ஸ்மித்.

அமந்தா 1837ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில், லாங் கிரீன் என்னும் ஊரில், அடிமைகளின் பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் பெர்ரி ஓர் எஜமானருக்குச் சொந்தம். தாயார் மரியம் வேறோர் எஜமானருக்குச் சொந்தம். பிறக்கும் பிள்ளைகள் தாயின் எஜமானருக்கே உடைமை. ஒரு வீட்டில் கன்று ஈன்றால் அது மாட்டுக்காரனுக்குச் சேர்வதுபோல, அந்த நாட்டின் சட்டம் மனிதக் குழந்தைகளைப் பற்றி அவ்வாறு விதித்திருந்தது.

சாமுவேல் பகலெல்லாம் எஜமானியம்மாளுக்காக உழைத்தார். இரவில் துடைப்பங்களும் பாய்களும் முடைந்து பால்ட்டிமோர் சந்தையில் விற்றார். அறுவடைக் காலத்தில், தம் வேலை முடிந்தபின் மைல்கணக்காக நடந்து அடுத்தவர் வயலுக்குப் போய், நள்ளிரவு கடந்தும் அறுத்தார். அப்படிச் சேர்த்த காசைக்கொண்டு முதலில் தம்மை விலைகொடுத்து மீட்டார். பின்பு மனைவியையும் பிள்ளைகளையும் மீட்டார். மீட்பு என்ற சொல்லை நாம் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அந்தக் குடும்பத்தில் அது இத்தனை இரவுகள், இத்தனை துடைப்பங்கள் என்று எண்ணிப் பார்க்கக்கூடிய சொல்லாக இருந்தது. விடுதலைபெற்ற குடும்பம் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களுடைய வீடு, தப்பியோடிவரும் அடிமைகளை இரவில் மறைத்துவைத்து வழியனுப்பும் வீடாயிற்று.

அமந்தா பள்ளிக்கூடத்தில் பயின்றது மொத்தம் சில மாதங்களே. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்தபின் நேரம் மிஞ்சினால்தான் இவர் பக்கம் ஆசிரியர் திரும்புவார். வீட்டில் செய்தித்தாளின் பெரிய எழுத்துக்களைக் கத்தரித்தெடுத்துத் தாயிடம் கொடுத்து, அவற்றைச் சொல்லாகக் கோத்துத் தரும்படி கேட்டுக் கேட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

இதே காலத்தில் நம் மண்ணின் நிலையையும் எண்ணிப்பாருங்கள். அமந்தாவுக்கு ஆறு வயதான 1843ஆம் ஆண்டில்தான், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் அடிமைத்தனத்திற்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று அறிவிக்கும் ஐந்தாம் சட்டம் பிறந்தது. அதன்பின்னும் காவிரிப் படுகையில் பண்ணையாட்கள் கடனாலும் பிறப்பாலும் நிலத்தோடு கட்டுண்டே கிடந்தார்கள். ஆகவே இது எங்கோ ஒரு கண்டத்தின் கதை என்று நாம் தள்ளிவிட இயலாது.

அமெரிக்க அடிமைகளின் பாடல்களை ஸ்பிரிச்சுவல்கள் என்பார்கள். இவற்றை இயற்றியவர் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒருவர் ஓரடி எடுக்க, மற்றவர்கள் சேர்ந்து மறுமொழியாகப் பாடுவார்கள். எஜமானர் கேட்டுவிடாதபடி இரவில் காட்டுக்குள் கூடியபோது பாடப்பட்டவை பல. மோசே, தானியேல், யோர்தான் நதி என்று வேதத்தின் பெயர்களே அவற்றில் நிறைந்திருக்கும். எகிப்து என்று அவர்கள் பாடும்போது நைல் நதிக்கரையை மட்டும் நினைக்கவில்லை என்பது பாடினவர்களுக்கெல்லாம் தெரியும். அடிமைத்தனத்திலிருந்து தப்பி எழுத்தாளரான பிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாயிருக்கிறார்கள் என்று வெளியார் எண்ணுவது பெரும் பிழை என்றும், துக்கம் மிகுந்தபோதே அவர்கள் மிகுதியாகப் பாடினார்கள் என்றும் விளக்கினார்.

நம்மில் வயல் வேலை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்பில் நிற்பவருக்கு நடவுப் பாட்டு இனிமையாயிருக்கும். சேற்றில் குனிந்து நிற்பவளுக்கு அது இடுப்பு வலியை மறக்கும் வழி.

அமந்தாவின் வாழ்விலும் துக்கம் மிகுந்திருந்தது. முதற்கணவர் உள்நாட்டுப் போருக்குச் சென்று திரும்பவில்லை. இரண்டாம் கணவர் ஜேம்ஸ் ஸ்மித்தும் 1869இல் இறந்தார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் மேசி என்னும் ஒரு மகளே பிழைத்தாள். நியூயார்க் நகரில் பிறர் துணிகளைத் துவைத்தும் இஸ்திரி போட்டும் அமந்தா பிழைத்தார். துவைக்கும் தொட்டியருகே நின்றே ஜெபித்தார், பாடினார்.

1868ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஜான் இன்ஸ்கிப் என்னும் மெதடிஸ்ட் போதகரின் பிரசங்கத்தைக் கேட்க அவர் கிரீன் ஸ்ட்ரீட் ஆலயத்திற்குச் சென்றார். அது வெள்ளையரின் ஆலயம். ஆகவே வாசலுக்கு அருகே, கடைசி இருக்கையில் அமர்ந்தார். எபேசியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து, புதிய மனுஷனைத் தரித்துக்கொள்வதைப்பற்றிப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, தேவ பிரசன்னம் தம்மை நிரப்பியதை உணர்ந்தார். வாய்விட்டு ஆண்டவரைத் துதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பயம் வந்தது. கறுப்புப் பெண் ஒருத்தி இங்கே சத்தமிட்டால் வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயம். சற்று அடக்கிக்கொண்டார். பின்பு அடக்க முடியாமல் துதித்தபோது, பிரசங்க பீடத்திலிருந்த இன்ஸ்கிப் அதற்கு ஆமென் சொன்னார். அன்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தின் சத்தியம் தமக்கு விளங்கியதாகவும், அதுவரை மலைபோல் தெரிந்த வெள்ளையர் அதன்பின் தம்மைப் போன்ற சாதாரண மனிதராகத் தெரிந்ததாகவும் அமந்தா பின்னாளில் எழுதினார்.

வாசலோரத்து இருக்கையிலிருந்து எழுந்த அந்தத் துதிக்கு ஆமென் சொல்லப்படாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

1870இல் அவர் ஊழியத்திற்காகவே வீட்டைவிட்டுப் புறப்பட்டார். குவேக்கர் பெண்களைப் போன்ற எளிய உடை. தலையில் ஒரு முக்காட்டுத் தொப்பி. கையில் ஒரு பை. கூடார நற்செய்திக் கூட்டங்களில் ஞானப்பாட்டுகளையும் தம் மக்களின் பாடல்களையும் பாடினார். பாடும் யாத்திரி என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

1872ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். அமந்தா சார்ந்திருந்த ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் பொது மாநாடு நாஷ்வில் நகரில் கூடியது. அது கறுப்பின மக்களே நடத்திய சபை. அங்கேயும் எளிய உடையோடு வந்த இந்தச் சலவைக்காரப் பெண்ணைப் பலர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெண்களுக்குக் குருப்பட்டம் கேட்டு வந்திருக்கிறாளோ என்று சிலர் முணுமுணுத்தார்கள். மாநாட்டினர் ஒருநாள் அவ்வூரிலிருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் பாடகர்களைக் கேட்கச் சென்றார்கள்.

விடுதலைபெற்ற அடிமைகளின் கல்விக்காக 1866இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்விநிலையம் கடனில் மூழ்கியிருந்தது. அதன் பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட், 1871 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு, பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். தங்கள் பெற்றோரின் பாடல்களை மேடையில் பாட அவர்கள் முதலில் தயங்கினார்கள். அவை தழும்பின் நினைவு. அதே சமயம் பரிசுத்தமானவை. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் யூபிலி ஆண்டை நினைத்து அவர்களுக்கு யூபிலி பாடகர்கள் என்று பெயரிடப்பட்டது. அவர்கள் பாடலைக் கேட்டு ஆலயங்கள் அழுதன. அதே ஊர்களில் பல விடுதிகள் அவர்களுக்குத் தங்க இடம் தர மறுத்தன. இதைச் சற்றுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மேடையில் நின்ற ஒயிட், கூட்டத்தில் இருந்த அமந்தாவை அடையாளம் கண்டு, முன்னே அழைத்து, தம் பாடகர்களோடு சேர்ந்து பாடச் செய்தார். அவர் பாடி முடித்தபின், அதுவரை முகம் திருப்பியிருந்தவர்கள் கைகுலுக்க வந்தார்கள். புறக்கணிப்பு என்பது வெள்ளையரிடம் மட்டும் இருந்ததல்ல. ஒடுக்கப்பட்டவர்களின் சபையிலும் ஒரு கடைசி இருக்கை இருந்தது.

1878இல் அமந்தா இங்கிலாந்து சென்றார். சில மாத ஓய்வுக்காகப் புறப்பட்டவர் 12 ஆண்டுகள் தாயகம் திரும்பவில்லை. 1879ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாயில் வந்திறங்கினார். நம் மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டுபோன தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சி. சேஷையா சாஸ்திரி திவானாகப் பொறுப்பேற்று ஓராண்டே ஆகியிருந்தது. நம் பாட்டன் பூட்டன்மார் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளையரே மிஷனரியாக வருவார்கள் என்று பழகியிருந்த தேசத்தில், அடிமையாய்ப் பிறந்த ஒரு கறுப்புப் பெண் சுவிசேஷம் சொல்ல வந்தார்.

கல்கத்தாவில் அவரை வரவேற்றவர் ஜேம்ஸ் தோபர்ன் என்னும் மெதடிஸ்ட் ஊழியர், பின்னாளில் பேராயரானவர். அந்த நகருக்கு வந்த புகழ்பெற்ற அந்நியர் பலரைத் தாம் பார்த்திருந்தும், அமந்தாவைப்போல் அத்தனை பெரிய கூட்டத்தை ஈர்த்து நிறுத்தியவர் எவருமில்லை என்று அவர் சாட்சி எழுதினார். திறந்தவெளிப் பிரசங்கத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்திருந்த நாட்களில், ஒரு மைதானக் கூட்டத்தில் அமந்தா தரையில் முழங்காற்படியிட்டு வானத்தை நோக்கி ஜெபிக்க, கலகம் செய்யக் கூடியிருந்தவர்களும் அடங்கி நின்றதை அவர் நினைவுகூர்ந்தார்.

இந்தியாவிலிருந்து அவர் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குச் சென்று, அங்கே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஊழியம் செய்தார். 1890இல் அமெரிக்கா திரும்பினார். 1893இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். புத்தகம் விற்ற பணத்தையும் சேர்த்து, 1899இல் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹார்வியில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஓர் அநாதை இல்லத்தைத் திறந்தார். நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்த தாய் அவர். 1915ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் புளோரிடாவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பெயர் பரவிய நாட்களிலும் அவமதிப்பு அவரைத் தொடர்ந்தது. வினோதப் பொருளைப் பார்ப்பதுபோல் மக்கள் கூடிநின்று அவரை உற்றுப்பார்த்தார்கள். பரிசுத்தமாக்கும் கிருபையின் சாரத்தை அறிய விரும்புகிறவர்கள் ஒரே ஒரு நாள், 24 மணி நேரம், கறுப்பராய் இருந்து பார்த்தால் விளங்கும் என்ற கருத்தை அவர் எழுதிவைத்தார். கசப்பில்லாத சொல் அது. ஆனால் கேட்பவரைச் சும்மா விடாத சொல்.

பிரியமானவர்களே, அந்த 24 மணி நேரத்தை நம் மாவட்டத்தில் எண்ணிப்பார்ப்போம். 2022ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு மறுநாள் வேங்கைவயல் என்ற பெயர் நாடெங்கும் கேட்டது. பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது. யார் செய்தார் என்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் அதைப் பார்க்கப்போன அதிகாரிகள் அடுத்திருந்த இறையூரின் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். அது ஒரே இரவில் வந்ததல்லவே! நம்மில் எத்தனையோ பேர் அப்படிப்பட்ட கடைகளைக் கடந்து பாடல் ஆராதனைகளுக்குப் போய்வந்திருக்கிறோம்.

சபைக்குள் அது இல்லை என்று சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், ஆலயங்களில் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று நிருபம் அனுப்பினார். அதன் விளைவாகத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளந்தன. ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் பங்குகொள்வதைவிட ஆலயத்தை விட்டுப்போவதே மேல் என்று விசுவாசிகள் பலர் எண்ணினார்கள். நாம் இன்றும் நெஞ்சுருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும், சாதி வழக்கங்களை நீக்க மிஷனரிகள் எடுத்த முயற்சியை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர். இதைச் சொல்ல எனக்கு வருத்தமே. அவருடைய பாடல்களால் நான் வளர்ந்தேன். அவற்றை இன்னும் பாடுவேன். ஆயினும் நல்ல பாடல் நல்ல பந்தியை உண்டாக்கிவிடும் என்று நாம் நம்பியிருக்கலாகாது என்பதற்கு அவரே நமக்குச் சாட்சி.

எனக்கும் இதில் அறிக்கை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நான் முன்பு ஊழியம் செய்த சேகரத்தின் கிராமச் சபை ஒன்றில் ஒரு தாயார் இருந்தார். எழுத்து வாசனை அறியாதவர். ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் அவருக்கு மனப்பாடம். செருப்புகள் கிடக்கும் வாசலோரத்தில் தரையில் அமர்ந்து, எவருக்கும் முன்பாகச் சரணத்தை எடுத்துவிடுவார். ஒரு கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு நான் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்களைத் தெரிந்தெடுத்தேன், அவரை நினைக்கவேயில்லை. பிறகு ஒருநாள், "அம்மா, முன்னே வந்து உட்காரலாமே" என்றேன். "எனக்கு இந்த எடமே பழகிப்போச்சுங்கய்யா" என்றார்.

அந்தப் பதில் என்னை நெடுநாள் உறுத்தியது. யார் அவரைப் பழக்கியது? ஒவ்வொரு மாதமும் அந்த ஊரில் ஆராதனை முடிந்ததும் நான் ஒரே மூப்பர் வீட்டில்தான் சாப்பிடுவேன். அந்தத் தாயாரின் பாடலை ஆறு ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டு வாசலை ஒருமுறையும் மிதித்ததில்லை. அடுத்த மாதம் போனேன். எவர்சில்வர் டம்ளரில் வரகாப்பி கொடுத்தார். தம் மாமியார் நடவு வயலில் சொல்லிக்கொடுத்ததாக ஒரு கீர்த்தனையைப் பாடினார். எந்த எந்தக் களங்களுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாதென்று தம்மைச் சிறுவயதில் தடுத்தார்கள் என்பதையும் சொன்னார். ஆறு ஆண்டுகளில் என்னிடம் சொல்லாததை அன்றுதான் சொன்னார். நான் கேட்க வந்ததும் அன்றுதான்.

ஆகவே பிலிப்பி பட்டணத்துக் காவலனிடத்திற்குத் திரும்புவோம். காயத்தைக் கழுவ அவன் குனிய வேண்டியிருந்தது. போஜனம் வைக்கத் தன் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்கு அவன் விடியும்வரை காத்திருக்கவில்லை. யூபிலி பாடகர்களைக் கேட்டு அழுதுவிட்டு விடுதிக் கதவை அடைத்த ஊர்களும் வேதம் வாசித்த ஊர்களே. இரண்டுக்கும் நடுவில் நாம் எங்கே நிற்கிறோம்?

வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது வாசலோரத்தில் அமர்ந்திருப்பவர் யாரென்று திரும்பிப் பாருங்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பந்தியில் உங்களோடு சரிசமமாக அவர் அமர்ந்ததுண்டா? திருவிருந்துக்கு வருமுன் இந்த மூன்று கேள்விகளுக்கும் ஆண்டவருக்கு முன்பாக விடைசொல்லுவோம். நானும் சொல்லுவேன்.

ஜெபம்: எங்கள் பிதாவே, சிறைச்சாலையிலும் சேற்று வயலிலும் உமக்குப் பாடினவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்கள் பாடலை எடுத்துக்கொண்டு அவர்கள் காயத்தைக் காணாமற்போன எங்களை மன்னியும். கடைசி இருக்கையிலிருந்து வரும் துதிக்கு ஆமென் சொல்லும் நாவையும், காயம் கழுவக் குனியும் முதுகையும், பூட்டாத கதவுள்ள வீட்டையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்